எட்டுக்கு எட்டு

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஆலையில் பூஜை முடிந்து பொரி, கடலை, ஓர் ஆப்பிள் கொடுத்தார்கள். ஆப்பிள் சென்ற வருடத்தைவிடச் சிறியது. ஸ்டோர்ஸ் அதிகாரி என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன்.

வீட்டிலும் பூஜை. மிக்சி, கிரைண்டர், ஸ்கூட்டர், என் கணினி, மகள் ஆதிரையின் கணினி. துடைப்பது என் பொறுப்பு, பொட்டு வைப்பது மனைவி ஜெயமணியின் பொறுப்பு. இரண்டு கணினிகளையும் திருப்புளியால் திறந்து தூசி தட்டினேன். திறந்திருக்கும்போதே ஜெயமணி உள்ளே எட்டிப் பார்த்து, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள்.

அவள் போன பிறகு ஸ்டோர்ஸ் வழக்கப்படி ஒரு சிறு இடமாற்றம் செய்தேன். விவரம் அவசியமில்லை. என் கணினி இப்போது குறிப்பிடத்தக்க வேகத்துடன் இயங்குகிறது. பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் தட்டச்சு செய்தேன். எழுத்துகள் விரலுக்கு முன்னால் ஓடுகின்றன.

அக்டோபர் 3, வெள்ளி

மச்சான் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஜாதகத்தோடு வந்தார். பையன் பெயர் தரணிதரன். சரவணம்பட்டியில் மென்பொருள் கம்பெனி. எங்கள் ஜோதிடரிடம் காட்டினேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம். இல்லாத ஒன்று வசியம். அதாவது ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. மற்றதெல்லாம் பிரமாதம் என்றார் மச்சான்.

ஆதிரை காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள். அவள் பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லித் தருகிறாள். மாலையில் கோட்டையைப் பிடிக்கும் ஒரு விளையாட்டு. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஐந்து பெண்கள் ஓர் அணி. அணியின் பெயர் மிளகாய்ப்பொடி. வரும் பத்தொன்பதாம் தேதி தகுதிச் சுற்று. வென்றால் பெங்களூரில் ஆறு மாதப் பயிற்சி.

"பத்தொம்பதாந்தேதி தோத்தேன்னா, நானே சேலை கட்டிட்டு வந்து காபி குடுக்கறேன். செயிச்சேன்னா ஒரு வருசத்துக்கு யாரும் ஜாதகப் பேச்சே எடுக்கக் கூடாது. சரிங்களா?" என்றாள்.

"சரி கண்ணு" என்றேன். ஜெயமணி என்னை முறைத்தாள். மச்சான், இப்படி ஒரு நிபந்தனையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். அவர் அனுபவம் மஞ்சள் மண்டியில்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆதிரையின் கணினி விளையாட்டின் நடுவே உறைந்து நின்றுவிட்டது. நானும் பார்த்தேன். திரையில் அவளுடைய வீராங்கனை கோட்டை வாசலில் துப்பாக்கியைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறாள். ஒலிபெருக்கியில் வேலூர்ப் பெண்ணும் நாகர்கோவில் பெண்ணும் "ஆதிரை, நகரு! நகருடி!" என்று கத்துகிறார்கள். எதிரிகள் அவளைச் சுட்டுவிட்டு, கதவைத் தட்டக்கூட வேண்டாமல் உள்ளே போனார்கள்.

இணையத் தொடர்பு சரியில்லாமல் இருக்கலாம் என்று சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்றும் உறைந்தது. இன்றும் உறைந்தது. கணக்குப் பாடம் நடக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. விளையாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆதிரை விளையாட்டை அழித்து மறுபடி நிறுவினாள். விண்டோஸையும் மறுபடி நிறுவினாள். கடைசியில் பக்கவாட்டுக் காற்றுத் துளையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"அம்மா! உள்ள தண்ணி தெளிச்சீங்களா?"

"தண்ணி எங்க தெளிச்சேன். சந்தனந்தான் கண்ணு, ஒரு துளி."

"கரண்டு ஓடற எடத்துல சந்தனம் வெப்பாங்களா? குங்குமம் பூரா ஃபேன்ல ஏறி உள்ள போயிருக்கும். இது கம்ப்யூட்டருங்கம்மா, கருப்பராயன் கோயில் அருவா இல்லீங்க."

ஜெயமணி உள்ளே போனாள். பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துவந்து அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். நான் செய்தித்தாளில் மழை நிலவரம் படித்துக்கொண்டிருந்தேன். இன்று கோவையில் மழை இல்லை.

அக்டோபர் 8, புதன்

பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் கணினியைச் சென்ற மாதம் பார்த்த மெக்கானிக், மெமரி பழசு, மாற்றினால் வேகமாகும் என்றார். மெமரி என்பது விரல் நீளத்துக்கு ஒரு தகடு. குச்சி என்கிறார்கள். என்னிடம் ஒன்று இருந்தது, எட்டு ஜிபி, பச்சை நிறத்தில், மேலாடை இல்லாமல். ஆதிரையிடம் இரண்டு இருந்தன, ஒவ்வொன்றும் எட்டு ஜிபி, சிவப்பு உலோகச் சட்டையோடு. ஒரு துறையில் புதிதாக இரண்டும் இன்னொரு துறையில் பழையதாக ஒன்றும் இருந்தால், புதியதில் ஒன்றை இங்கே கொடுத்துப் பழையதை அங்கே கொடுப்பது ஸ்டோர்ஸ் நடைமுறை. அளவு ஒன்றாக இருந்தால் போதும். எட்டுக்கு எட்டு. ஆலையில் இப்படித்தான் பேரிங், பெல்ட், ஸ்பிண்டில் எல்லாம் கொடுத்திருக்கிறேன். ஸ்பின்னிங் மாஸ்டர் அவ்வப்போது கத்துவார். ஸ்பின்னிங் மாஸ்டர்கள் கத்துவதற்கென்றே படித்தவர்கள்.

இன்று என் கணினியில் தேடிப் படித்தேன். வெவ்வேறு வேகம் உள்ள குச்சிகளைச் சேர்த்துப் போட்டால் விளையாட்டின் நடுவே உறையும் என்று பல நாட்டுப் பிள்ளைகள் புலம்பியிருக்கிறார்கள். ஸ்பின்னிங் மாஸ்டரின் முகம் காரணமில்லாமல் நினைவுக்கு வந்தது.

எனவே மாற்றி வைத்துவிட வேண்டும். ஆனால் பயிற்சி நடக்கும் சமயத்தில் இயந்திரத்தைத் திறப்பது உசிதமல்ல. பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

இதற்கும் மச்சான் கொண்டுவந்த ஜாதகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை தோறும் ஜெயமணி வீட்டிலுள்ள எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைப்பாள். இன்று எதற்கும் வைக்கவில்லை. கிரைண்டருக்குக்கூட.

"ஏன்?" என்றேன்.

"எங்கையி ராசியில்லைங்க" என்றாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. இரண்டாம் முறை ரசம் கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி

ஆதிரை அம்மாவோடு பேசி நாலு நாளாகிறது. தேவையானதை என் மூலம் சொல்கிறாள். "அப்பா, கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேளுங்க." ஜெயமணி அடுத்த அறையிலிருந்தே, "கட்டியாச்சுன்னு சொல்லுங்க" என்கிறாள். நான் இரண்டு துறைகளுக்கு நடுவே கடிதம் சுமப்பவனைப் போல நின்றேன்.

நாகர்கோவில் பெண், ஆதிரைக்குப் பதிலாக வேறு ஆளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். ஆதிரை மாடிக்குப் போய் நின்றாள். வடாம் காயப்போட வந்ததாகச் சொன்னாள். வீட்டில் வடாம் கிடையாது.

அவள் மாடியில் இருந்தபோது கணினி சும்மாதான் இருந்தது. குச்சியை மாற்றிவிடலாம் என்று எழுந்தேன். திருப்புளியைக் காணவில்லை. தேடினேன். கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான உதிரி பாகங்களை நிர்வகிப்பவன் வீட்டில் ஒரு திருப்புளி கிடைக்கவில்லை.

பிறகு மேஜை டிராயரில் இருந்தது. அதற்குள் ஆதிரை இறங்கி வந்துவிட்டாள்.

மாலையில் ஜெயமணி கூடத்தில் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். "நான் ஆதிரையோட அம்மா பேசறேன் தம்பி. ஜாதகம் விசயமா இல்லீங்க. உங்களுக்குக் கம்ப்யூட்டரு நல்லாத் தெரியும்னு எங்கண்ணன் சொன்னாரு. நான் சந்தனம் வெச்சு ஒண்ணைக் கெடுத்துப்போட்டேன். நாளைக்கு ஒருநடை வந்து பாக்க முடியுங்களா?"

போனை வைத்ததும் அவளைத் தனியே அழைத்துப் போனேன்.

"உனக்கு இது புரியுதா? அவன் வந்து சரி பண்ணிட்டா அவ செயிச்சிருவா. செயிச்சுட்டா ஒரு வருசம் பேச்சே இல்ல. மாப்பிள்ளையையே கூப்பிட்டு மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லச் சொல்றயா?"

"அதெல்லாந் தெரியுமுங்க. எங்கொழந்த தோத்துப்போயி வந்து காபி குடுக்கறதுக்கு, செயிச்சுப்போட்டு வேண்டாங்கட்டும்."

அவளுக்குத்தான் இந்தக் கல்யாணத்தில் என்னைவிட ஆசை அதிகம். தாலிக்கொடிக்கு மாடல்கூடப் பார்த்து வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தரணிதரன் வந்தார். தோளில் ஒரு பை, காலில் செருப்பு. பெண் பார்க்க வந்தவர் அல்ல என்பதை எல்லோருக்கும் உணர்த்துவதற்காக ஜெயமணி வாசலிலேயே "மெக்கானிக் தம்பி வந்திருக்குது" என்று உரக்கச் சொன்னாள். காபியைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். ஆதிரை டம்ளரை எடுத்து நகர்த்தி வைக்கப் போனபோது, "நீ தொடாத!" என்று பதறினாள். தொட்டால் அது சம்பிரதாயமாகிவிடும்.

ஐந்து நாளுக்குப் பிறகு அம்மா மகளிடம் பேசிய முதல் சொல் அதுதான். ஆதிரைக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அடக்கிக்கொண்டாள்.

தரணிதரன் கூட்டைத் திறந்தார். ஆதிரை செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். ஜெயமணி குற்றவாளிபோல ஓர் அடி பின்னால் நின்றாள்.

"சந்தனத்துனால ஒண்ணும் ஆகலைங்க ஆன்ட்டி" என்றார் அவர் எடுத்தவுடனே. "மேலாப்புல இருக்குது, அவ்வளவுதான். இங்க பாருங்க. மெமரி ரெண்டும் வேற வேற. ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை. போர்டு ரெண்டையும் ஒரே வேகத்துல ஓட்டப் பாக்குது. செவப்பு தாங்கும். பச்சை பழசு, அதுக்கு அந்த வேகம் ஆகாது. சும்மா பாடம் எடுத்தாத் தெரியாது. கேம் வெச்சீங்கன்னா மூச்சு வாங்கி நின்னுரும்."

"ஒரு வருசமா நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள் ஆதிரை.

தரணிதரன் பச்சையைக் கழற்றினார். "வேற மெஷின் இருக்குதுங்களா? பச்சையை அதுல போட்டு டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்."

"அப்பா ரூம்ல இருக்குது."

நான் முன்னால் ஓடினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன் போய்ச் சேர்ந்தேன். பயனில்லை. பூஜையன்று கழற்றிய என் கணினியின் பக்கவாட்டுத் தகட்டை, சூடாகக் கூடாது என்று திரும்ப மாட்டவே இல்லை. உள்ளே சிவப்புச் சட்டை, ஜன்னலோரம் உட்கார்ந்த பயணியைப் போல, பளிச்சென்று தெரிந்தது.

தரணிதரன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்று கரிநாள்.

அவர் கையை உள்ளே விட்டார். சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை அங்கே செருகினார். கூடத்துக்குப் போய், "என் பையில ஒண்ணு ஸ்பேர் இருந்துச்சுங்க, இதே கம்பெனி" என்று சொல்லி ஆதிரையின் கணினியில் சிவப்பைப் பூட்டினார். "ஒரு வருசங்கூடச் சில சமயம் தாங்குமுங்க" என்று அவள் கேட்டதற்கும் பதில் சொன்னார். என் முன்னிலையில், எனக்காக, ஒருவர் சொன்ன இரண்டு பொய்கள். ஜெயமணி குனிந்து அந்தக் குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாசல் வரை அவரை வழியனுப்பினேன். செருப்பை மாட்டியபடி மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. உங்க போர்டு பழசு. செவப்பைப் போட்டாலும் அது பழைய வேகத்துலதானுங்க ஓடியிருக்கும்."

அக்டோபர் 13, திங்கள்

கணினி உறையவில்லை. அணியில் ஆதிரை நீடிக்கிறாள். அம்மாவிடம் பேசுகிறாள், ஆனால் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பதில் புதிய குற்றவாளி கிடைத்துவிட்டார். கணினியைப் பூட்டிக் கொடுத்த, கணபதி பகுதிக் கடைக்காரர் ஜோதிலிங்கம்.

"புதுசுன்னு சொல்லிப் பழைய ஸ்டிக்கைச் சொருகி ஏமாத்திருக்கீங்கண்ணா!"

மறுமுனையில் அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வது எனக்கும் கேட்டது. ஆதிரை நம்பவில்லை. கோவையில் விளையாடுகிறவர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில், அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று எழுதிப் போட்டாள்.

முதலில் சந்தனம். பிறகு கடைக்காரர். குற்றவாளிகள் முறைப்படி விசாரிக்கப்படுகிறார்கள். ஸ்டோர்ஸ் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

வென்றுவிட்டாள். கடைசிச் சுற்றில் அவள் கோட்டை வாசலில் ஓடிக்கொண்டே இருந்தாள், ஒரு நொடி நிற்கவில்லை. வேலூர்ப் பெண் அழுதாள். ஆதிரை நாற்காலியில் சுழன்று என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க மட்டுந்தாப்பா இந்த வீட்ல ஒருநாளும் திட்டாம இருந்தீங்க" என்றாள்.

இதைப் பத்திரமாக எழுதி வைக்கிறேன். இதைவிடக் கடுமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மழை. வெடி நமுத்துவிட்டது.

அக்டோபர் 22, புதன்

ஜெயமணி தன் அண்ணனிடம், ஒரு வருடம் கழித்து அதே பையனையே கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதிரையும் எதிர்க்கவில்லை. "நல்ல மெக்கானிக்" என்றாளாம். அவள் அகராதியில் அது பெரிய சொல்.

எனக்கு யோசனை வந்தது. அவர் மருமகனாக வந்தால் ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வீட்டில் என் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம்.

மாலையில் ஜோதிடரிடம் போய், வசியம் இல்லாதது பெரிய குறையல்லவா என்று கேட்டேன். "அதைப் பெரிசு பண்ண வேண்டியதில்லீங்க" என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். "மூணாந்தேதி நீங்கதானுங்க, ஒம்பது போதும், சீக்கிரம் எழுதிக் குடுங்கன்னு நின்னீங்க" என்றார்.

வீட்டில் வந்து ஜெயமணியிடம் வசியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "அந்தத் தம்பி உங்களுக்கு என்ன பண்ணுச்சுங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும்.

அக்டோபர் 24, வெள்ளி

ஒரு பார்சல் வந்தது. ஜோதிலிங்கம் அனுப்பியிருக்கிறார். உள்ளே சிவப்புச் சட்டை போட்ட புதிய குச்சி. தன் கடையில் தவறு நடந்ததாக நினைவில்லை என்றும், ஆனாலும் பாப்பா மனசு நோகக் கூடாது என்றும் எழுதியிருந்தார்.

ஜெயமணி அதை என் மேஜையில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோயி அவருகிட்டயே குடுத்துட்டு வாங்க."

"என்னன்னு சொல்லிக் குடுக்கறது?"

"அது உங்களுக்குத் தெரியுமுங்களே."

நான் செய்தித்தாளை எடுத்தேன். அவள் போகவில்லை.

"பூசையன்னைக்கு உள்ள ரெண்டு செவப்பு இருந்துச்சுங்க. சோடியா, அழகா. ரெண்டுக்கும் நாந்தான் பொட்டு வெச்சேன். அந்தத் தம்பி பையில இருந்து எடுத்ததாச் சொல்லி மாட்டுச்சே, அதுலயும் எம்பொட்டு இருந்துச்சு."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஏன் கேட்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். "எங்கையி ராசியில்லைன்னு அந்த வெள்ளிக்கெழமை உங்ககிட்டத்தானுங்க சொன்னேன்."

செய்தித்தாளில் மழை நிலவரம் இருந்தது. படிக்க முடியவில்லை.

அக்டோபர் 25, சனி

கணபதிக்குப் போனேன். சின்னக் கடை. ஜோதிலிங்கம் எழுந்து நாற்காலி போட்டார். பார்சலை வைத்துவிட்டு, நான் செய்ததைச் சொன்னேன். "இடமாற்றம்" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. எடுத்தேன் என்றேன்.

அவர் வெகுநேரம் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "எட்டுக்கு எட்டுன்னு நெனச்சீங்களா சார்?"

"ஆமாம்."

பிறகு சிரிப்பு நின்றது. "பரவாயில்லைங்க சார். ஆனா பாப்பா குரூப்புல எழுதுனதுல இருந்து காலேஜ் பசங்க யாரும் வர்றதில்லீங்க. அதை மட்டும் அழிக்கச் சொல்லிருங்க. நான் சொன்னா கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்."

அக்டோபர் 26, ஞாயிறு

ஆதிரையிடம் சொன்னேன். பெங்களூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். முதலில் நம்பவில்லை. அப்புறம் நம்பினாள்.

"எப்பத் தெரியுங்கப்பா, அதனாலதான் நிக்குதுன்னு?"

இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. எடுத்ததைப் பற்றிக் கேட்பாள் என்றுதான் தயாராக வந்திருந்தேன்.

"எட்டாந்தேதி."

"பத்தொம்பது வரைக்கும் சும்மா இருந்திருப்பீங்க."

"திருப்புளி..." என்று தொடங்கினேன்.

"அம்மாவை அருவா அது இதுன்னு பேசினேன். நீங்க அங்கயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க."

"ஆமாம் கண்ணு."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று நினைத்திருந்தேன். செல்போனை எடுத்துக் குழுவில் ஏதோ எழுதினாள், எனக்குக் காட்டவில்லை. பிறகு சமையலறைக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. வெகுநேரம் இரண்டு பேர் பேசும் சத்தம். ஒருமுறை ஜெயமணி சிரித்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கடிதம் சுமக்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஜோதிடருக்குப் போன் செய்து, வசியத்தைப் பற்றி நான் கேட்டதை மறந்துவிடச் சொன்னேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஆதிரை நேற்று பெங்களூர் போய்விட்டாள். கணினியையும் எடுத்துப் போனாள். ரயில் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கை காட்டினாள். அதுவும் ஒரு ஆரம்பம்தான்.

இன்று காலை ஜெயமணி மறுபடி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். கிரைண்டர், மிக்சி, ஸ்கூட்டர், ஆதிரையின் காலி மேஜை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். என் அறைக்குள் வந்தாள். சுவர்க் கடிகாரத்துக்கு வைத்தாள். என் கணினியைத் தாண்டிப் போனாள்.

"ஜெயமணி, இது?"

கிண்ணத்தைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் பூசையன்னைக்கே வெச்சனுங்களே. அந்தப் பச்சைக் குச்சியை எம்பொட்டோட கழட்டி நீங்கதான் தாரை வார்த்துட்டீங்க."